இரண்டு மஞ்சள் வைத்த பாவாடை

என்னுடைய புதுச் சட்டையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, வேறொரு வீட்டுப் பெண் கட்டி அவிழ்த்த பாவாடையில் குத்தி, அதைப் புதுசு என்று சொல்லி என் சொந்த மகளிடம் நீட்டியவன் நான். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. அரசுத் தேர்வு ஒன்றில் தேறியும் இருந்தேன். வயதும் படிப்பும் சேர்ந்துவிட்டால் ஒருவன் இப்படியெல்லாம் செய்ய மாட்டான் என்று நம்புகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு உதவுமே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் நெல்லில் ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், போன பட்டத்துப் பழைய நெல்லைப் புது நெல்லுக்குள் கலந்து எடுத்துவருகிறார்களா என்று கண்டுபிடிப்பது. மூட்டைக்குள் குத்தூசியை விட்டு அடியில் கிடக்கும் நெல்லை இழுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, ஒரு மணியைக் கடித்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். "சார் கண்ணுல மண்ணத் தூவ முடியாதுப்பா" என்று களத்தில் பேசிக்கொள்வார்கள். காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள நான் தனியாகப் பயிற்சி எடுத்திருந்தேன்.

வீடு மன்னார்குடியில். மனைவி அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்கு எங்களில் ஒருவர் பேருந்தைப் பிடிக்க, இன்னொருவர் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றுவார். யார் எதைச் செய்வது என்பது முந்தின நாள் சண்டையைப் பொறுத்தது.

பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் தஞ்சாவூர் வரை போய், கழுத்தைச் சுற்றிலும் சரிகைப் பின்னல் வைத்த ஒரு சட்டை வாங்கி வந்தேன். பிரசவ அறை வாசலில் அதைக் கொடுத்தபோது நர்ஸம்மா விரித்துப் பார்த்து, "இது புள்ளைக்கா, பொம்மைக்கா? பழைய வேட்டி இருந்தா கிழிச்சுக் குடுங்க" என்றார். மகளின் முதல் ஆடை என் வேட்டியின் கால் பாகம். வேட்டி பையில் இருந்தது; மிச்ச முக்கால் பாகத்தைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியிராமல், நல்லவேளையாகக் கால்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அதற்குப் பிறகு துணி விஷயம் முழுக்க மனைவியின் கைக்குப் போனது. அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. தினப்படிக்கு எல்லாம் பிறர் பிள்ளைகள் போட்டு வளர்ந்து கழற்றியது. தீபாவளிக்கு மட்டும் புதுசு.

"புதுத்துணிக்கு வேலை ஜாஸ்திங்க. தனியா நனைக்கணும், சாயம் போகுதான்னு பாக்கணும், சுருங்குனா கடைக்குத் தூக்கிட்டு அலையணும், பொத்தானை மறுபடி தைக்கணும். பழசுக்கு இதெல்லாம் வேற ஒரு அம்மா முடிச்சு வச்சிருப்பா. எனக்கு எங்க நேரம் இருக்கு?"

அவள் சொன்னது முழுக்க உண்மை. அவளுடைய அக்காள் வீட்டிலிருந்து ஒரு பை வரும். அது போதாதபோது ஊர் அம்மாக்கள் நடத்தும் ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் பணம் கிடையாது. சிறிதாகிப்போன துணியைப் படம் எடுத்துப் போடுவார்கள், வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்வார்கள், பிறகு தங்கள் முறை வரும்போது எதையாவது போடுவார்கள். அம்மாக்கள் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டிருந்தாள். தேர்ந்தெடுக்க அல்ல, போய் எடுத்து வர. பையைத் தூக்குகிற ஆளுக்கும் விவரம் தெரிய வேண்டுமே என்றுதான்.

மகளுக்கும் இதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை, மனைவியின் தங்கை மகனுக்குக் காது குத்துகிற நாள் வரை. அன்று அவள் ரோஜா நிறத்தில் ஒரு கவுன் போட்டிருந்தாள். பந்தியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பெரியம்மா மகள், இவளைவிட இரண்டு வயது மூத்தவள்.

"ஏய், இது என் கவுன்."

"இல்ல, என்னுது."

"பாக்கெட்டுல கைய விடு. அடியில ஓட்டை இருக்கும். நான்தான் பென்சில விட்டு விட்டு ஓட்டை போட்டேன்."

மகள் கையை விட்டாள். கவுனுக்குக் கீழே ஒரு விரல் எட்டிப் பார்த்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அந்த விரலைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரித்தவன் நான் ஒருவன்தான். அவள் அழவில்லை. விரலை உள்ளே இழுத்துக்கொண்டு, இலையில் இருந்த ஜாங்கிரியை முழுதாகத் தின்று முடித்தாள்.

வரும் வழியில் பேருந்தில் சொன்னாள்: "அப்பா, எனக்கு மஞ்சள் வைக்கிற துணி வேணும்."

புதுத்துணியைக் கட்டுமுன் அதன் மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். பழசுக்கு வைப்பதில்லை. எங்கள் வீட்டில் தீபாவளியன்று விடிகாலையில் எல்லார் துணிக்கும் மஞ்சள் வைத்து எடுத்துக்கொடுப்பது என் வேலை. வேறு எந்த வேலையும் நம்பி ஒப்படைக்கப்படாத ஒருவனுக்குக் கிடைத்த ஒரே பதவி. ஆனால் அதற்கு முந்தின வருஷம் என் பெரியப்பா இறந்துபோனதால் தீபாவளி கிடையாது, புதுத்துணியும் கிடையாது. ஆக, இரண்டு வருஷமாக அவள் துணி எதிலும் மஞ்சள் படவில்லை. நானோ மனைவியோ கவனிக்காத இந்தக் கணக்கை ஏழு வயதுப் பிள்ளை வைத்திருந்தாள்.

"வாங்கிடலாம் பாப்பா. என்ன வேணும்?"

"பாவாடை சட்டை. மயில் கழுத்துக் கலர். யாருமே போடாதது."

"சரி."

"சத்தியமா?"

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான். ஏனென்றால் பேருந்தில் அவள் தலை தூக்கத்தில் என் தோள்மேல் சாய்ந்துவிட்டிருந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மனைவி சொன்னாள்: "ஊரெல்லாம் காய்ச்சல். லேப்ல எனக்கு ரெண்டு ஷிப்டு. இந்த ஒரு வேலைய நீங்க பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன்."

"மறந்துடாதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன். குறுவை நெல் களத்தில் குவிந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளை ஏற்ற வேண்டிய லாரி வரவில்லை. தார்ப்பாயை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் நனைந்தது. இவை நான் மனைவியிடம் பிறகு சொன்ன காரணங்கள். சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் மன்னார்குடியில் இறங்கியபோது எதிரில் இருந்த கடைக்குள் நுழைந்து எனக்கு ஒரு சட்டை எடுத்தேன். பழுப்பு நிறத்தில், கட்டம் போட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் துணி மாடியில் என்று அம்புக்குறி போட்டிருந்தது. அம்புக்குறியையும் பார்த்தேன். இன்னொரு நாள் நிதானமாக வந்து ஏறலாம் என்று நினைத்தேன்.

அந்த இன்னொரு நாள் தீபாவளிக்கு முந்தின நாளாக வந்து சேர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் நிலையத்தைப் பூட்டினோம். அன்று காலையில்தான் ஒருவர் எட்டு மூட்டைப் புது நெல்லுக்கு அடியில் இரண்டு மூட்டைப் பழசைக் கலந்திருந்ததைப் பிடித்து, "பழசுன்னா பழசுன்னு சொல்லிட்டுக் கொண்டாங்கய்யா. புதுசுன்னு ஏன் ஏமாத்துறீங்க?" என்று பத்துப் பேர் முன்னால் பேசியிருந்தேன். அந்தப் பேச்சின் சூட்டோடு கடைக்குப் போனேன்.

மாடியில் நிற்க இடமில்லை. விற்பனைப் பெண் என் தலைக்கு மேலாக யாருக்கோ ஒரு பெட்டியைக் கொடுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஏழு வயசு சைஸ் போயிடுச்சு சார். ரெண்டு வயசு இருக்கு, பன்னெண்டு வயசு இருக்கு."

"பன்னெண்ட எடுத்துப் புடிச்சுத் தைச்சா?"

"இன்னிக்கா? டெய்லர்கிட்ட கேட்டுப் பாருங்க. கத்தரிக்கோல் கையில இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க."

மூன்று கடைகள். மயில் கழுத்து நிறத்தில் புடவை இருந்தது, ஆண்களுக்கான குர்தா இருந்தது, ஒரு குடை இருந்தது. மூன்றாவது கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. அம்மாக்கள் குழு. யாரோ அலமாரியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். "மயில் கழுத்துக் கலர் பட்டுப் பாவாடை, சட்டை. ஏழு வயது. ஒரே ஒரு முறை உடுத்தியது." படத்தில் அது என்னைப் பார்த்துப் பளபளத்தது. குழுவில் வேறு அம்மா யாரும் பதில் எழுதுவதற்குள் "எனக்கு" என்று எழுதினேன். அதுவரை அந்தக் குழுவில் நான் எழுதிய ஒரே சொல் அது.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. பள்ளி ஆசிரியை ஒருவர் வீடு.

"போன வருஷம் என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது சார். ஒரு தடவதான் கட்டுனா, கிடுகிடுன்னு வளந்துட்டா. உங்க பொண்ணுக்கா?"

"இல்ல டீச்சர், சொந்தக்காரங்க புள்ளைக்கு" என்றேன். அந்தப் பொய் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீபாவளியன்று சொந்தப் பெண்ணுக்குப் பழசு கட்டுகிறவன் என்று அவர் நினைத்துவிடுவார் என்று இருக்கலாம்.

வாங்கி இஸ்திரிக் கடையில் கொடுத்தேன்.

"புதுசா சார்?"

"ஆமா."

"புதுசுக்கு எதுக்கு சார் இஸ்திரி?" என்றார் அவர், பெட்டியை அழுத்திக்கொண்டே. பதிலை எதிர்பார்க்கவில்லை, அது ஒரு நல்ல குணம்.

பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து என் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். வாங்கியதிலிருந்து வீட்டில் காட்டாமல் அலுவலகப் பையிலேயே வைத்திருந்தேன். உள்ளே வைத்திருந்த அட்டையை எடுத்துப் பாவாடைக்குள் செருகினேன். ஏழு குண்டூசிகள். மடிப்புக்கு மடிப்பு குத்தினேன். கடைப் பையில் போட்டேன். எழுந்து நின்றபோது வேலையில் ஒரு திருப்திகூட இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் மகள் பையைப் பிடுங்கினாள்.

"எந்தக் கடைப்பா?"

"பெரிய கடைதான்."

"கூட்டமா?"

"கூட்டமா! ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதே பாவாடைய ஒரு அம்மா அந்தப் பக்கம் இழுக்கிறாங்க, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். விட்டனா?"

"விடலயா?"

"எப்படி விடுவேன்? எம் பொண்ணுக்காச்சே."

பொய்யை மகள் விழுங்கியதோடு நில்லாமல் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லியும் கேட்டாள். இரண்டாவது முறை அந்த அம்மா கீழே விழுந்தார்.

மனைவி பாவாடையை எடுத்துப் பார்த்தாள். ஒரு ஊசியை உருவிப் பார்த்தாள். மறுபடி குத்திவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"யார் வீட்டுது?" என்றாள்.

"எது?"

"பட்டுப் பாவாடைய ஹேங்கர்ல மாட்டி வச்சிருப்பாங்க, இல்ல பொட்டியில மடிச்சு வச்சிருப்பாங்க. ஆம்பளச் சட்ட மாதிரி யாருங்க ஊசி குத்துவா?"

சொன்னேன்.

"பழசு வாங்கினது தப்பில்ல. நான் வாங்காததா? ஊசி குத்துனீங்க பாருங்க, அதான். இப்பவே போய் அவகிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச நேரம் மூஞ்சிய தூக்கி வச்சிருப்பா, அப்புறம் சரியாயிடும். நாளைக்கு மஞ்சள் வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

"காலையில சொல்லிக்கிறேன்."

"நானும் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். கூடத்தில் மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அந்த அம்மா விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் மணைப் பலகையில் துணிகள். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். நான் கிண்ணத்து மஞ்சளைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி பாவாடையின் கீழ் ஓரத்தில், மடிப்பைச் சற்றே தூக்கி, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்தப் பொட்டைக் குனிந்து ஊதினாள், காய்வதற்காக. பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது பாவாடை அவள் இடுப்பில் இல்லை, கையில் இருந்தது. நாடா கட்டும் பட்டியை வெளிப்பக்கம் மடித்துக் காட்டினாள். உள்பக்கத்தில், பட்டின் நிறத்தையும் மீறி, காய்ந்து பழுத்த ஒரு மஞ்சள் பொட்டு. அந்த ஆசிரியை வீட்டில் இடுப்புப் பட்டியில் வைப்பார்கள் போலிருக்கிறது. மூட்டையின் அடிவரை குத்தூசி விட்டுப் பார்க்கிறவன் இந்தப் பாவாடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, இதுக்கு முன்னாடியே மஞ்சள் வச்சிருக்கு."

அப்போதும் நான் அடங்கவில்லை. "கடையில வச்சிருப்பாங்க பாப்பா."

"கடையில சாமி கும்புட்டாங்களா?"

"கும்புட்டிருப்பாங்க."

அவள் மணைப் பலகையைப் பார்த்தாள். அங்கே என் கட்டம் போட்ட சட்டை கொழகொழவென்று கிடந்தது. அட்டையில்லை, ஊசியில்லை. அதைத் தூக்கி உதறினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏழு ஊசியும் உங்க சட்டையோடதா?"

"ஆமா."

"அந்த அம்மா கீழ விழுந்தாங்களே?"

"விழல."

நான் பேசினேன். மழை, லாரி, தார்ப்பாய், சைஸ் போய்விட்டது, ஒரே ஒரு முறை உடுத்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். களத்தில் பிடிபட்டவரும் முந்தின நாள் காலையில் என்னிடம் இதே வேகத்தில்தான் பேசியிருந்தார். மகள் பாதியிலேயே உள்ளே போய்ப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள், காத்திருக்க நேரமில்லை.

வாசலில் எதிர்வீட்டு அம்மாளின் குரல் கேட்டது. "என்ன பாப்பா, பாவாடை ஜோரா இருக்கு, புதுசா?"

"இல்ல அத்தை, பழசு. ஒரே ஒரு முறை உடுத்தியது. அப்பா ஊசி குத்தினாங்க."

பலகாரத் தட்டோடு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதே வாசகம், ஒரு சொல் கூடாமல் குறையாமல். மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இதுவாவது புதுசா?" என்றார்.

பாவாடையை அவள் வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. அடுத்து வந்த பள்ளி விழாவுக்கு அதையேதான் கட்டிக்கொண்டு போனாள். யாரும் கேட்காதபோதும் அந்த நிறம் தனக்கு எடுப்பாக இருப்பதாகச் சொன்னாள். மனைவி அதை மட்டும் எனக்கு எடுத்துச் சொன்னாள்: "பாத்தீங்களா, பழசுல ஒண்ணுமில்ல."

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அரைநாள் விடுப்பு எடுத்தேன். மகளைப் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்கு அழைத்துப் போனேன். மாடியில் ஈ காக்கை இல்லை. அன்று என் தலைக்கு மேலாகப் பெட்டியை நீட்டிய அதே பெண் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் பட்டு எதையும் பார்க்கவில்லை. மூலையில் தொங்கிய பச்சை நிறப் பருத்திக் கவுன் ஒன்றை இறக்கச் சொன்னாள். பாக்கெட்டில் கையை விட்டு அடியைத் துழாவினாள். உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, கழுத்து, கை, இடுப்பு, தையல் என்று ஓர் அங்குலம் விடாமல் விரலால் தேய்த்துக்கொண்டு போனாள். கடைசியில் முகர்ந்தும் பார்த்தாள்.

"பாப்பா என்னத்தம்மா தேடுது?"

"மஞ்சள்" என்றாள் மகள்.

விற்பனைப் பெண் என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்தேன். நீர்த்துப் போகாமல், கட்டி தட்டாமல், அவ்வளவு பக்குவமாக அதற்கு முன் நான் குழைத்ததில்லை. மணைப் பலகையைத் துடைத்துக் கவுனை விரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மனைவி வேலை முடிந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மகள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மோதிர விரலை மஞ்சளில் தோய்த்து எடுத்தேன்.

"எங்க வைக்கட்டும் பாப்பா? ஓரத்துலயா, கழுத்துலயா?"

"அம்மா வந்து வைக்கட்டும்."